தங்கம்போல மின்னும் ஈஸ்டர் முட்டை: அந்தப் பளபளப்பைச் சாப்பிடலாமா?

ஈஸ்டர் வந்தாலே பேக்கரி கண்ணாடி அலமாரிகளிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் தங்கம், வெள்ளி, ரோஸ் கோல்டு நிறங்களில் முட்டைகள் மின்ன ஆரம்பிச்சிடும். சாக்லேட் முட்டை, மர்ஸிபான் முட்டை, அவித்த கோழி முட்டை என எல்லாவற்றின் மேலும் அந்த உலோகப் பளபளப்பு. ஆன்லைனில் 'லஸ்டர் டஸ்ட்' என்று தேடினால் போதும், சின்னச் சின்ன டப்பாக்களில் பல நிறங்கள் வந்து நிற்கும். விலையும் பெரிதாக இல்லை. கார்ட்டில் போட்டு, மறுநாளே வீட்டில் தூரிகையோடு உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் ஒரே மாதிரி மின்னும் இரண்டு டப்பாக்களில் ஒன்று சாப்பிடக்கூடியதாகவும், இன்னொன்று நுண்ணிய செம்புத் தூளாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. இந்தப் பளபளப்பு எதனால் வருகிறது, எதை நம்பலாம், எப்படிப் பூசுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாள் ஈஸ்டர். அதற்கு முந்தைய தவக்காலத்தில், இடைக்கால ஐரோப்பாவில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கி வைப்பது வழக்கம். மனிதர்கள் விரதம் இருந்தாலும் கோழிகள் இருக்காதே! அவை முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் அன்று விருந்தாகவும் பரிசாகவும் மாறின. ஓட்டை உடைத்துக்கொண்டு உயிர் வெளியே வருவது, கல்லறையிலிருந்து எழுந்ததற்கு அடையாளமாகவும் பார்க்கப்பட்டது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் இன்றும் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்பு நிறம்தான். அது கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கிறது. உக்ரைனில் மெழுகால் கோலம் வரைந்து சாயம் ஏற்றும் 'பைசங்கா' முட்டைகள் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றன.

தங்கம் பூசுவதும் ரீல்ஸ் காலத்துப் பழக்கம் இல்லை. 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 450 முட்டைகளுக்கு நிறமும் தங்கத் தாளும் பூச 18 பென்ஸ் செலவானதாகப் பதிவு இருக்கிறது. 1885-ல் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர், தன் மனைவிக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்தது ஃபேபர்ஜே பட்டறையில் செய்த முட்டை. வெளியே வெள்ளை எனாமல், உள்ளே தங்க மஞ்சள் கரு, அதற்குள் தங்கக் கோழி. ஆனால் அது நகை, யாரும் சாப்பிடப் போவதில்லை. இன்றைய சிக்கல் தொடங்குவதே இந்த இடத்தில்தான்: அலங்காரத்துக்கான பொருளும் சாப்பிடுவதற்கான பொருளும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டன.

இந்தியாவில் ஈஸ்டர் முட்டை என்றால் பெரும்பாலும் சாக்லேட் அல்லது மர்ஸிபான். கோவாவிலும் மும்பையின் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பாதாமுக்குப் பதிலாக முந்திரி அரைத்து மர்ஸிபான் செய்வார்கள். முட்டை வடிவ அச்சில் அழுத்தி எடுத்து, மேலே ஐசிங்கில் பூவும் பெயரும் எழுதுவார்கள். அந்த ஐசிங் பூவின் விளிம்பில் இப்போது தங்க நிறம் ஏறியிருக்கிறது.

அந்த மினுமினுப்பு எதனால் வருகிறது?

கடையில் 'எடிபிள் மெட்டாலிக்' என்று கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிஜ உலோகத் தாள். சுத்தமான தங்கமும் வெள்ளியும் இந்த வகை. நம் ஊர் ஸ்வீட் ஸ்டாலில் காஜு கத்லி மேல் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள், அதாவது வரக், இதற்கு நல்ல உதாரணம். சுத்தத் தங்கம் வயிற்றில் எதோடும் வினைபுரியாது. ருசியும் கிடையாது, சத்தும் கிடையாது. வந்த வழியே வெளியேறிவிடும்.

இரண்டாவது, முத்துப் பளபளப்பு தரும் நிறமிகள். இதில் உலோகத் தூள் இல்லை. மைக்கா என்ற கனிமத்தின் மிக மெல்லிய தகடுகள்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடு அல்லது இரும்பு ஆக்ஸைடை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். மைக்காவுக்குத் தமிழில் காக்காப்பொன் என்றே பெயர். பொன் போல மின்னும், ஆனால் பொன் இல்லை. அந்தப் படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் தூக்கலாகத் தெரியும். சோப்புக் குமிழியில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான். படலத்தின் தடிமனை மாற்றினால் நிறமும் மாறும். இப்படி உணவுத் தரத்தில் செய்த தூளைத்தான் 'சாப்பிடக்கூடிய லஸ்டர் டஸ்ட்' என்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. கைவினைப் பொருட்களுக்கும் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் செய்யப்பட்ட உலோகத் தூள் இது. 'கோல்டு', 'பிரான்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் பல தூள்கள் உண்மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. மலிவு விலை 'தங்கத் தாள்' என்பதும் பல நேரம் பித்தளைத் தாள்தான். இவை இரண்டாவது வகையைவிட இன்னும் அசலாக மின்னும். அதனால்தான் பேக்கிங் செய்பவர்களுக்கு இதன்மேல் ஆசை.

'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருக்கே, போதாதா?

போதாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

'நான்-டாக்ஸிக்' என்றால் சாதாரணமாகக் கையாளும்போது தீங்கு வராது என்று பொருள். குழந்தைகளின் கிரேயான்ஸ் பெட்டியிலும் இதே வார்த்தை இருக்கும். அதற்காக கிரேயானை யாரும் டிபனுக்கு வைப்பதில்லையே! 'ஃபார் டெக்கரேட்டிவ் பர்ப்பஸ் ஒன்லி' என்று இருந்தால், அழகுக்கு மட்டும், வாய்க்கு இல்லை என்று அர்த்தம். 'ஃபுட் கான்டாக்ட் சேஃப்' என்று இருந்தால், உணவைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம், உணவோடு உள்ளே போகக் கூடாது. தட்டுகூட அப்படித்தான், அதைக் கடித்துச் சாப்பிட மாட்டோம்.

சாப்பிடக்கூடியது என்றால் 'எடிபிள்' என்ற வார்த்தை இருக்க வேண்டும், கூடவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்வதும் இதையே. சர்க்கரை, அகாசியா கோந்து, மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு, அனுமதிக்கப்பட்ட நிறமிகள் போன்றவை அந்தப் பட்டியலில் சாதாரணமாக வரும். பட்டியலே இல்லாத டப்பா சமையலறைக்குள் வரக் கூடாது.

இதனால் நிஜமாகவே யாருக்காவது பாதிப்பு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2021 அக்டோபரில் இரண்டு சம்பவங்களைப் பதிவு செய்தது.

2018-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விழா. பேக்கரியில் வாங்கிய கேக்கில் ரோஸ் கோல்டு நிறத்தில் லஸ்டர் டஸ்ட் பூசியிருந்தது. அதைச் சாப்பிட்ட 1 முதல் 11 வயது வரையுள்ள 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. முதலில் கெட்டுப்போன உணவோ என்ற சந்தேகம். சோதித்துப் பார்த்தால், அந்த மினுமினுப்பு உணவுக்காகத் தயாரிக்கப்படாத நுண்ணிய செம்புப் பொடி. கேக்கின் மேல் பூச்சில் ஒரு கிராமுக்கு 22.1 மில்லிகிராம் செம்பு இருந்தது. ஒரு துண்டில் 40 கிராம் பூச்சு இருந்தால் 880 மில்லிகிராமுக்கு மேல் செம்பு உள்ளே போகும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குத் தேவையான செம்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

அடுத்த சம்பவம் மிசோரி மாநிலத்தில், 2019-ல். ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்திருந்தது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்றது முதல் பிறந்தநாள் கேக்கில். அதில் வைத்த பூக்களின்மேல் தூவிய மஞ்சள் பொடியில் 25 சதவீதம் ஈயம் இருந்தது.

இரண்டில் எது மோசம்? செம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். வயிறு புரட்டும், வாந்தி வரும். ஈயம் அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் உடம்பில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான எல்லையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு இடத்திலும் கேக் செய்தவர்கள் விஷம் வைக்க நினைக்கவில்லை. டப்பாவைப் பார்த்து, நம்பி, தூவிவிட்டார்கள். அவ்வளவுதான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே உணவு நிறங்களைக் கட்டுப்படுத்துவது எஃப்எஸ்எஸ்ஏஐ. டார்ட்ராசின், சன்செட் எல்லோ, பிரில்லியன்ட் ப்ளூ உள்ளிட்ட 8 செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. அவற்றையும் எல்லா உணவிலும் போட முடியாது. குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே. அந்த எட்டில் செம்புத் தூளோ பிரான்ஸ் தூளோ கிடையாது.

வெள்ளித்தாளுக்குத் தனி விதியே உண்டு. வெள்ளியின் தூய்மை ஆயிரத்தில் 999 பங்கு இருக்க வேண்டும். அதைத் தட்டித் தயாரிக்கும் எந்தக் கட்டத்திலும் விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. காரணம், மாட்டுக்குடல் தோலுக்கு நடுவில் வைத்து வெள்ளியைத் தட்டும் பழைய முறை.

வெள்ளிக்குப் பதில் அலுமினியத் தாளை ஒட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லும் எளிய வழி: தாளைக் கொஞ்சம் எடுத்துத் தீயில் காட்டுங்கள். அசல் வெள்ளி சுருண்டு, பளபளக்கும் வெள்ளை உருண்டையாக நிற்கும். அலுமினியமாக இருந்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் சாம்பலாகும்.

வெளிநாட்டு டப்பா வாங்கும்போது இன்னொரு விஷயம். ஓர் ஊரில் அனுமதி என்பதற்காக எல்லா ஊரிலும் அனுமதி என்று ஆகாது. அமெரிக்காவில் மைக்கா நிறமிகளை, முட்டை ஓட்டுக்கு நிறம் தரும் கிட்களில் சேர்க்கவே தனி அனுமதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, டைட்டானியம் டை ஆக்ஸைடை உணவில் சேர்ப்பதற்கே 2022-ல் தடை போட்டது. அது மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முடிவு. அதனால் 'யுஎஸ் குவாலிட்டி', 'இம்போர்ட்டட்' என்பதெல்லாம் இங்கே சான்றிதழ் ஆகாது.

சாயம் மாறிப் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி என்ற சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, புதுச்சேரியும் தமிழ்நாடும் அடுத்தடுத்துத் தடை விதித்தன. துணிக்குப் போடுவதை மிட்டாயில் போட்ட கதை அது. கைவினைத் தூளை முட்டையில் போடுவதும் அதே கதைதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• 'எடிபிள்' என்ற வார்த்தை டப்பாவிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஆன்லைன் பக்கத்தின் தலைப்பில் மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

• சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். நிறமிகள் பெயராகவோ ஐஎன்எஸ் எண்ணாகவோ இருக்கும். ஐஎன்எஸ் 171 டைட்டானியம் டை ஆக்ஸைடு, 172 இரும்பு ஆக்ஸைடு, 174 வெள்ளி, 175 தங்கம், 555 மைக்கா வகை.

• 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதி, பேட்ச் எண், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். உரிம எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

• செம்பு, பித்தளை, பிரான்ஸ், அலுமினியப் பொடி என்று எங்கேயாவது இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

• பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய குட்டி டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, எப்படிப் பூசுவது?

தூள் ஒன்றுதான், ஆனால் முட்டைக்கு முட்டை முறை மாறும்.

சாக்லேட் முட்டை: தண்ணீர் பக்கமே போகக் கூடாது. ஈரம் பட்டால் சாக்லேட்டின் மேற்பரப்பு திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். மென்மையான, காய்ந்த தூரிகையில் தூளைத் தொட்டு, மெதுவாகத் தேய்த்தாலே போதும். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு தூளைப் பிடித்துக்கொள்ளும். கையின் சூட்டில் உருகும் என்பதால் மெல்லிய கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

மர்ஸிபான், ஐசிங் முட்டை: முதலில் நன்றாக உலர விடுங்கள். கோடு, எழுத்து, பூ விளிம்பு என்று அழுத்தமாக வேண்டுமென்றால் தூளைப் பெயின்டாகக் கரைக்க வேண்டும். கால் டீஸ்பூன் தூளுக்குச் சில துளி லெமன் எக்ஸ்ட்ராக்ட் அல்லது வோட்கா விட்டுக் குழைப்பார்கள். ஏன் தண்ணீர் இல்லை? தண்ணீர் சர்க்கரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும், உலரவும் நேரமாகும். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகி, தூளை மட்டும் மேலே விட்டுவிடும். பூசப் பூசக் கலவை கெட்டியாகும், இன்னும் ஒரு துளி விட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்கான முட்டை என்றாலோ, வீட்டில் ஆல்கஹால் வேண்டாம் என்றாலோ காய்ந்த தூரிகை முறையே போதும். கை கழுவும் சானிடைசரையோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ 'அதுவும் ஆல்கஹால்தானே' என்று எடுத்துவிடாதீர்கள். அவை குடிக்கவோ சாப்பிடவோ தகுந்தவை அல்ல.

அவித்த கோழி முட்டை: முதலில் அடி நிறம். வெந்நீரில் உணவு நிறமும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து முட்டையை ஊற வைப்பது வழக்கம். வினிகரின் அமிலத்தில் சாயம் ஓட்டில் நன்றாகப் பிடிக்கும். துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மேலே தூளைத் தேய்க்கலாம். 'ஓட்டைத்தான் உரித்துப் போட்டுடுவோமே, எந்தப் பெயின்ட் போட்டா என்ன?' என்று கேட்கலாம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவிக்கும்போது விரிசல் விட்ட முட்டையில் சாயம் வெள்ளைக்கருவரை இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உரிக்கும்போது விரலில் ஒட்டுவதும் வாய்க்குத்தான் போகும். சாப்பிடப் போகும் முட்டை என்றால் ஓட்டுக்கும் எடிபிள் தூள்தான்.

ஷோகேஸுக்கு மட்டும்: அசல் உலோகப் பெயின்ட்தான் வேண்டும் என்றால் மர முட்டையோ, உள்ளே இருப்பதை வெளியேற்றிய காலி ஓடோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தூரிகை, கிண்ணம், மேஜை எல்லாம் தனி. சாப்பிடும் முட்டை இருக்கும் தட்டில் இதையும் அடுக்கி வைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு எது அலங்காரம், எது சாக்லேட் என்று தெரியாது.

எந்த முறையானாலும் தூளை வாய்க்கு அருகில் வைத்து ஊதாதீர்கள். மிக நுண்ணிய தூள் என்பதால் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். ஃபேனை அணைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

பூசிய முட்டை எத்தனை நாள் தாங்கும்?

பெயின்டில் காட்டும் அக்கறையில் முட்டையை மறந்துவிடக் கூடாது. அவித்த முட்டையை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஈஸ்டர் வருவது மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை. நம் ஊர் வெயிலுக்கு இந்த 1 மணி நேரக் கணக்குதான் பொருந்தும். மீதி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தோட்டத்தில் ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டுக்குப் பிளாஸ்டிக் முட்டையே நல்லது.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டோமே, என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம். சாப்பிட்ட எல்லாருக்கும் பாதிப்பு வரும் என்றில்லை. முதலில் டப்பாவைத் தேடி எடுங்கள். தூக்கிப் போட வேண்டாம், மிச்சத் தூளையும் முட்டையையும் பத்திரப்படுத்துங்கள். வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டோம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். குழந்தை மஞ்சள், ஆரஞ்சு நிறக் கைவினைத் தூள் பூசியதைச் சாப்பிட்டிருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், இரத்தத்தில் ஈயம் பரிசோதிக்க வேண்டுமா என்று குழந்தை நல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்தே கேக் விற்பவர்களுக்கு

வார நாளில் ஆபீஸ், வார இறுதியில் பேக்கிங் ஆர்டர் என்று இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவை விற்பவருக்குச் சிறைத் தண்டனைவரை கிடைக்கலாம். 'சப்ளையர் கொடுத்தார், நான் போட்டேன்' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம். வாங்கிய ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 'இன்னும் நல்லா மின்னணும்' என்று கேட்டால், சாப்பிடக்கூடிய தூளில் அவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிடலாம். கூடவே முந்திரி, பாதாம், பால், முட்டை இருப்பதையும் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது முக்கியம்.

நீங்கள் வாங்குபவர் என்றால், கேக்கோ முட்டையோ ஆர்டர் செய்யும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: 'இதுல போட்டிருக்கிற கோல்டு டஸ்ட் டப்பாவோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?' சரியான தூளை வாங்கியவர் தயங்காமல் அனுப்புவார். வரும் படத்தில் 'எடிபிள்' என்ற வார்த்தை, சேர்மானப் பட்டியல், உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' வழியாகப் புகார் தரலாம். அந்த மினுமினுப்பே வேண்டாம் என்று தோன்றினால் பீட்ரூட்டும் மஞ்சளும் வெங்காயச் சருகும் இருக்கவே இருக்கின்றன. அவித்த முட்டைக்கு அவை தரும் நிறம் மின்னாது, ஆனால் தட்டில் வைத்தால் அழகாகவே இருக்கும்.